ஆணித் தலையில் ரெண்டு தட்டு

தம்பி, உங்க நகம் கெட்டியா? காட்டுங்க. ம், பரவால்ல. இந்தக் கத்தியக் கொஞ்சம் திறந்து குடுக்குறீங்களா? பெரிய பிளேடுல முதுகு ஓரமா ஒரு பள்ளம் தெரியுது பாருங்க, பிறை மாதிரி. அதுல கட்டைவிரல் நகத்த வச்சு இழுக்கணும். இழுங்க. இன்னும் கொஞ்சம். ஐயோ, மடிஞ்சிடுச்சா? ரத்தம் வரலயே? நான் சிரிக்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இது யார் நகத்தையும் சும்மா விட்டதில்ல.

சாவியெல்லாம் போட்டு நெம்பாதீங்க! வாணாம், குடுங்க. கையில குடுக்காதீங்க, சீட்டு மேல வைங்க, நான் எடுத்துக்குறேன். கத்திய கைக்குக் கை மாத்துனா சண்டை வரும்னு எங்க வீட்டம்மா பட்டம்மா சொல்லிகினே இருப்பா. அவ இருந்த வரைக்கும் நான் கேக்கல. அவ போன அப்பால கேக்குறேன்.

இந்தக் கொய்யாவ அறுக்கத்தான். கடிச்சுத் தின்ன எனக்குப் பல்லு ஏது? மருமவ வசுமதி வச்சு அனுப்புனா, முழுசா. "அறுத்து டப்பாவுல போட்டுக் குடேன்மா"ன்னேன். "எதுக்கு மாமா, உங்க கத்திதான் இருக்கே"ன்னா. அவ்ளோ மரியாதை தம்பி. மாசா மாசம் இந்த ரயில்லதான் பெரம்பூர் போறேன், ரயில்வே ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்க. மாசா மாசம் ஒரு கொய்யா, ஒரு கத்தி. எந்த மருமவ இப்படி ஞாபகமா வைப்பா?

கைய பாக்குறீங்களா? வாதம் வந்து வலது பக்கம் விழுந்து மூணு வருசம் ஆச்சு. கால் கொஞ்சம் திரும்பிடுச்சு, கை திரும்பல. எல்லாம் இடது கையிலதான். சாப்பாடும் அதுலதான், இன்னா பண்றது. அதுவும் பேருக்குத்தான். டம்ளர் எடுத்தா பாதி தண்ணி சட்டையில. பாருங்க, சும்மா இருக்கும்போதே எப்படி ஆடுது.

ஆனா இந்தக் கை இன்னா கைன்னு ஜோலார்பேட்டை லோகோ ஷெட்டுல கேட்டுப் பாருங்க. ஃபிட்டர் ஏகாம்பரம். முப்பத்தி நாலு வருசம். ஒரு ஆணித் தலைய, ரிவிட்டுன்னு சொல்லுவாங்களே, அதப் பாத்தாப் போதும், எவன் தட்டுனதுன்னு சொல்லிடுவேன். சுத்தியல் வாய் தழும்பு உடும். வலது கைக்காரன் தட்டுனா ஒரு பக்கம் சாயும், பீச்சாங்கைக்காரன் தட்டுனா எதிர்ப்பக்கம் சாயும். அவசரக்காரன் ஓரத்துல தட்டுவான், பயந்தவன் நாலு தபா தட்டுவான். நான் ரெண்டே தட்டு. ஷெட்டுல அதுக்கே ஒரு பேரு வச்சிருந்தானுங்க, ரெண்டு தட்டு ஏகாம்பரம்னு.

கத்திய இப்ப நல்லாப் பாருங்க. மூணு பிளேடு. கொம்புல பிடி, உள்ளார பித்தளைத் தகடு, முதுகுல ஸ்பிரிங்கு. சும்மா பேனாக்கத்தின்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, உள்ள இருக்குற வேலை எவனுக்கும் தெரியாது. மூணு பிளேடும் ஒரே பொந்துல படுக்கணும், ஒண்ணையொண்ணு தொடக் கூடாது. நடுவுல ஒரு காகிதம் போற இடம் இருந்தாப் போதும். தொட்டா உரசும், உரசுனா கோடு விழும். அப்ப எது உரசுதோ அத மட்டும் எடுத்து, அதோட கழுத்த பட்டறைக் கல்லு ஓரத்துல வச்சு ஒரே தட்டு. சூடு காட்டக் கூடாது, சூடு காட்டுனா எஃகு செத்துப் போயிடும். அதிகமாத் தட்டுனா விரிசல் உடும், கம்மியாத் தட்டுனா பழையபடி திரும்பி வந்துடும். அளவாத் தட்டுனா சொன்ன பேச்சு கேக்கும்.

அப்பால மூடுற இடம். பிளேடு அடியில ஒரு சின்ன மேடு இருக்கு. மூடும்போது அந்த மேடு ஸ்பிரிங்குல முட்டி நிக்கும், அதனால வெட்டுற வாய் மோதாது. பிளேடு இன்னும் கொஞ்சம் உள்ள அடங்கட்டும்னு அந்த மேட்ட அரத்தால தேய்ப்போம். ஒரு இழுப்பு அதிகமாப் போச்சுன்னா முடிஞ்சிது. அப்பால ஒவ்வொரு தபா மூடும்போதும் கத்தி தன்னையே கடிச்சிகினு மொன்னையாவும். எத்தனையோ பேரு அப்படிக் கெடுத்திருக்கான். நான் கெடுத்ததில்ல.

இது சீமைக் கத்தி. ரொசாரியோன்னு ஒரு டிரைவர், ஆங்கிலோ இந்தியன்காரரு, எங்க குவார்ட்டர்ஸுக்குப் பின் தெருவுல இருந்தாரு. ரிடையர் ஆயி பத்து வருசம் ஆனவரு. அவங்க அப்பாவும் டிரைவரு, அவர் கையில இருந்த கத்தி. பொண்ணுகூட ஆஸ்திரேலியா போவப் போறாரு. "ஏகாம்பரம், பிளேடு உரசுது, சரி பண்ணிக் குடு, அப்பா ஞாபகமா எடுத்துனு போறேன்"னு குடுத்தாரு. கையில வாங்குன உடனே எனக்கு மனசு போயிடுச்சு தம்பி. இது அங்க போயி இன்னா பண்ணப் போவுது? சும்மா பெட்டியில கெடக்கும்.

உரசல சரி பண்ணேன், அது தொழிலு, அதுல குறை வைக்க மாட்டேன். திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னால, இந்த ஓரத்துல பிளேடெல்லாம் கோத்திருக்கிற ஆணி இருக்கு பாருங்க, அது தலையில ரெண்டு தட்டு. டொக், டொக். அவ்ளோதான். தகடு நெருங்கிடும், பிளேடு இறுகிடும். அவருக்கு விரல் முட்டியெல்லாம் வீங்கி இருக்கும், திறக்க முடியல. "எண்ணெய் போட்டுத் தரேன் தொரை"ன்னு வாங்கிகினு போயி மறுபடி ரெண்டு தட்டு. இப்படி நாலு வாரம். கடைசியா ஒரு நாள் அவர் வீட்டு வாசல்ல நின்னுகினு ரெண்டு கையாலயும் இழுக்குறாரு, நகத்துல ரத்தம், கண்ணுல தண்ணி. "இதுக்கு ஆயுசு முடிஞ்சிது தொரை, விட்டுடுங்க"ன்னேன். அவரே என் சட்டைப் பையில போட்டு, தோள்ல தட்டிட்டு உள்ள போனாரு.

சிரிக்க மாட்டேங்குறீங்களே? எங்க ஊட்டுல இதச் சொன்னா எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும். வசுமதி மட்டும் சிரிக்க மாட்டா. ஆனா கவனமாக் கேப்பா. ஒரு தபா, "எத்தனை வாரம்னு சொன்னீங்க மாமா?"ன்னு திருப்பிக் கேட்டா. நாலுன்னேன்.

அவ வந்த கதையே இந்தக் கத்தியாலதான். என் பையன் லோகநாதன் கூட்ஸ் வண்டி டிரைவரு. அவனுக்குப் பொண்ணு பாக்க நாட்றாம்பள்ளி போனோம். பொண்ணு பாக்கப் போனா சில பேரு பாடச் சொல்லுவாங்க, சில பேரு நடக்கச் சொல்லுவாங்க. பாட்டுக் கேட்டு இன்னா தெரியும்? நான் காலையிலயே கத்தியில ரெண்டு தட்டுத் தட்டி எடுத்துனு போனேன். தட்டுல மாம்பழம் வச்சிருந்தாங்க, பங்கனப்பள்ளி. பொண்ணு வந்து நமஸ்காரம் பண்ணிட்டு எழுந்திரிச்சுது. "இந்தாம்மா, மாமாவுக்கு ஒரு பழம் நறுக்கிக் குடு"ன்னு கத்திய நீட்டுனேன். பட்டம்மா பின்னால இருந்து என் சட்டையப் பிடிச்சு இழுக்குறா, "கீழ வைங்க, கையில குடுக்காதீங்க"ன்னு. நான் கையிலயே குடுத்தேன்.

அந்தப் பொண்ணு பீச்சாங்கைய நீட்டுச்சு.

"சோத்துக் கையில வாங்கு"ன்னேன். அவங்க அப்பா முகம் சுண்டிப்போச்சு. "சின்ன வயசுலர்ந்தே அப்படித்தான் சம்பந்தி, எழுதுறது, ஊசி பிடிக்கிறது எல்லாம் அந்தக் கைதான். மத்தபடி தங்கமான பொண்ணு"ன்னு இழுக்குறாரு. ஆரி வேலை செய்யுற பொண்ணு. மரச்சட்டத்துல துணிய இழுத்துக் கட்டி, மேல இருந்து ஒரு கை ஊசியால குத்தும், கீழ இருந்து இன்னொரு கை நூல் குடுக்கும். கல்யாண ரவிக்கைக்கெல்லாம் போடுவாங்களே, மயிலு, மாங்கா, அந்த வேலை. வாணியம்பாடி, திருப்பத்தூருன்னு தேடி வந்து குடுத்துட்டுப் போவாங்களாம். சுவத்துல ஒரு துணிய மாட்டி வச்சிருந்தாங்க, ஒரு கிளி. நல்லாத்தான் இருந்துது.

வசுமதி கைய மாத்துனா. சோத்துக் கை நகத்த வச்சு இழுத்தா. வரல. மறுபடி இழுத்தா. நகம் பாதி வரைக்கும் பிளந்துகிச்சு. வாயத் திறக்கல தம்பி! பழத்த நறுக்கி, ரத்தம் பட்ட துண்ட மட்டும் ஓரமா ஒதுக்கி வச்சுட்டு, தட்ட என் முன்னால வச்சா. எனக்கு அப்பவே பிடிச்சுப் போச்சு. பையனுக்கும் பிடிச்சுது, அது வேற. பீச்சாங்கைதான் ஒரு குறை. பொண்ண வேணாம்னு சொல்லிட்டு வர்றவன் எவனும் ஃபிட்டர் இல்ல. எது உரசுதோ அத மட்டும் எடுத்துத் தட்டணும், முழுக் கத்தியத் தூக்கிப் போடக் கூடாது. "எங்கிட்ட அனுப்புங்க, மூணு மாசத்துல கைய மாத்திக் காட்டுறேன்"னேன். அவங்க அப்பா கையெடுத்துக் கும்பிட்டாரு.

வைகாசியில கல்யாணம். அடுத்த வாரமே ஆரம்பிச்சுட்டேன். நான் பிரம்பு நாற்காலியில உக்காருவேன், அவ எதிர்ல தரையில. கத்திய சோத்துக் கையால திறக்கணும், மூடணும். முப்பது தபா. முடிச்சாத்தான் காபி. எனக்கில்ல, அவளுக்கு. பெரிய பிளேடு கொஞ்சம் பழகுனதும் ரெண்டு தட்டுத் தட்டி இறுக்கிடுவேன், பழக்கம் ஆவக் கூடாது பாருங்க. நடுவுல பீச்சாங்கை முன்னால வந்துதுன்னா மறுபடி ஒண்ணுலர்ந்து எண்ணணும். அந்தக் கைய முந்தானையில சுத்திக் கட்டிகினு, கத்திய முட்டி நடுவுல இடுக்கிக்கச் சொன்னேன். பட்டம்மா அடுப்படியில நின்னு மூக்க உறிஞ்சுவா. அவளையும் ரெண்டு அதட்டு அதட்டுவேன்.

பையனா? அவன் மாசத்துல பாதி நாள் லைன்ல இருப்பான். ஒரே ஒரு தபா "விடுப்பா, எந்தக் கையா இருந்தா இன்னா"ன்னான். "உன் பொண்டாட்டி நாளைக்கு சாமிக்குப் பூ போட்டா எந்தக் கையில போடுவா?"ன்னு கேட்டேன். அதோட ஷூவ மாட்டிகினு டியூட்டிக்குப் போயிட்டான்.

வேலையும் சொல்லிக் குடுத்தேன், குறை சொல்லக் கூடாது. எண்ணெய்க் கல்லுல தீட்டுறது, பழைய பெல்ட்டுல தேச்சு வாய் ஏத்துறது, தையல் மெஷின் எண்ணெய் எத்தனை சொட்டுன்னு எல்லாம். ஆணித் தலைய எப்படித் தட்டணும்னும் காட்டுனேன். சோத்துக் கையால தட்டுனா எல்லாம் ஓரத்துலதான் விழுந்துது. ஒரு நாள் நான் அந்தப் பக்கம் திரும்புன நேரத்துல பீச்சாங்கையால ஒரு தட்டுத் தட்டிட்டா. சத்தத்துலயே தெரிஞ்சுது. பாத்தா, நட்ட நடுவுல, சுத்தமா, மொதத் தட்டுலயே. சுத்தியலப் பிடுங்கி அதோட காம்பாலயே விரல் முட்டியில ஒண்ணு வச்சேன். அப்பால அவ சுத்தியலத் தொட்டதில்ல.

ஆடி மாசம் வந்துது. புதுப் பொண்ண அம்மா வீட்டுக்கு அழைச்சிகினு போவாங்கல்ல? அவங்க அப்பா வந்துட்டாரு, புடவை, பழம், இனிப்போட. காலையில எட்டு மணி. வசுமதிக்கு முந்தின நாள்லர்ந்து ஜுரம். ஆனா அப்பாவப் பாத்ததும் முகத்துல ஒரு வெளிச்சம். பை எல்லாம் கட்டி வச்சிருந்தா. நான் சொன்னேன், "இருங்க சம்பந்தி. இருபத்திரெண்டு வருசம் உங்களால முடியாதத நான் ரெண்டு மாசத்துல பண்ணியிருக்கேன். பாத்துட்டு அழைச்சினு போங்க"ன்னு. கத்திய அவகிட்ட குடுத்தேன். ஆமா, கையிலதான். அவர் முன்னால நல்லா இருக்கட்டும்னு காலையில ரெண்டு தட்டும் தட்டியிருந்தேன்.

பத்து வரைக்கும் நல்லாப் போச்சு. டக்குன்னு திறக்குது, டக்குன்னு மூடுது. நானே எண்ணுறேன். இருபதுல நகம் வழுக்குது. அவங்க அப்பா "போதும் சம்பந்தி, ஜுரம் அடிக்குது"ன்னாரு. "உக்காருங்க"ன்னேன். இருபத்தி அஞ்சு. இருபத்தி ஆறு. இருபத்தி ஏழாவது மூடும்போது சோத்துக் கை ஆள்காட்டி விரல் உள்ள இருந்துது.

சத்தம் மட்டும் சுத்தமா வந்துது தம்பி. நான் தீட்டுன பிளேடு, நான் ஏத்துன ஸ்பிரிங்கு.

அவங்க அப்பா துண்ட எடுத்துனு ஓடி வராரு. பட்டம்மா மஞ்சப் பொடி எடுக்க உள்ள ஓடுறா. நான் இன்னா சொன்னேன்னா, இன்னும் மூணுதான் பாக்கின்னேன். மூணே மூணு. விட்டுட்டா அந்தக் கை தோத்துப்போச்சுன்னு மனசுல பதிஞ்சிடும், அப்பால எப்பவும் திரும்பாது. அதுக்காகச் சொன்னேன். நல்லதுக்குத்தான். அவ என்னப் பாத்தா. முந்தானையிலர்ந்து பீச்சாங்கைய அவுத்து எடுத்தா. என் கண்ணையே பாத்துகினு, டக், டக், டக், மூணு தபா. வெண்ணெயில வச்சா மாதிரி திறக்குது அந்தக் கையில! முப்பதுன்னு அவளே சொன்னா. கத்தியத் தரையில வச்சுட்டு எழுந்திரிச்சா. அந்தத் திமிரு எனக்கு இன்னும் மறக்கல.

நான் மொதல்ல கத்திய எடுத்துத் துடைச்சேன். ரத்தத்துல உப்பு இருக்கு, அரை மணி நேரம் உட்டா எஃகுல கறுப்புப் புள்ளி உழுந்துடும், அப்பால போவாது. விரல் தானா ஆறும். எஃகு தானா ஆறுமா? நான் எண்ணெய் போட்டு நிமிந்து பாக்குறேன், வாசல்ல யாரும் இல்ல. பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. பையக்கூட எடுத்துனு போவல.

உள்ள நரம்பு அறுந்துபோச்சாம். தைச்சு அனுப்புனாங்க. விரல் இருக்கு, நீட்டுனபடியே நிக்கும், மடங்காது. நூல் குடுக்குற கை அதுதான்றதால ஆரி வேலை நின்னுபோச்சு. ஒத்தக் கையால அந்த வேலை ஆவாது. அதுக்கு ஒரு மாசம் அழுதாளாம் அம்மா வீட்டுல. நான் ஒரு விதத்துல நல்லதுன்னுதான் சொன்னேன். ஊட்டுக்கு நாலு பொம்பளைங்க வந்து வாசல்ல நிக்கிற தொல்லை இல்ல. பையன் போயி கூட்டினு வந்தான். வந்தா, எங்க போவா? சீரோட வந்த அந்த மரச்சட்டம் சும்மாதான் கெடந்துது, பட்டம்மா அதுல துணியக் கட்டி வத்தல் காய வச்சா. அத வசுமதிதான் தினம் எடுத்து மாடிக்குக் கொண்டு போவா.

ஒரு விரல் போச்சு, பீச்சாங்கை அப்படியே நின்னுது. எனக்குத்தான் தோல்வி. அந்த வருத்தம் எனக்கு இன்னிக்கும் உண்டு. ரெண்டே மாசம் இன்னும் கெடச்சிருந்தா மாத்தியிருப்பேன்.

நல்லவதான், குறை சொல்ல மாட்டேன். பட்டம்மா படுத்தப்ப பாத்துகினா. எனக்குக் கை விழுந்தப்ப குளிப்பாட்டி, துடைச்சு, எல்லாம் அவதான். பையன் வந்து தலையக் காட்டிட்டுப் போவான். மூணு வருசமா முகஞ்சுளிச்சதில்ல. டாக்டர் பயிற்சி குடுக்கச் சொல்லிட்டாருன்னு அவளே ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கா. காலையில என்னப் பிரம்பு நாற்காலியில இருந்து இறக்கி தரையில உக்கார வைப்பா. தரையில உக்காந்தாத்தான் முதுகு நேரா நிக்குமாம். அவ நாற்காலியில உக்காருவா. என் முன்னால கத்திய வைப்பா. கையில குடுக்க மாட்டா, கீழதான் வைப்பா, பட்டம்மா சொன்னத அவளாவது கேக்குறா. "முப்பது தபா மாமா"ன்னுவா. முடிச்சா காபி.

ஆரம்பத்துல பத்து, பன்னெண்டு தபா திறந்தேன். கத்திய முட்டி நடுவுல இடுக்கிகினு, இடது கை நடுங்குனாலும் நகத்த வச்சு எப்படியோ இழுத்துடுவேன். அப்பால அஞ்சு ஆச்சு, ரெண்டு ஆச்சு. இப்ப நாலு மாசமா ஒரு தபாகூடத் திறக்கல. நகம் பாருங்க, எல்லாம் பிளந்து கெடக்கு. ஆனா அவ எண்ணுறத உட மாட்டா. திறக்கலன்னாலும் இழுத்தா ஒண்ணு. இழுத்தா ரெண்டு. நடுவுல நான் பல்லால கடிக்கப் போனா, ஈறாலதான், மறுபடி ஒண்ணுலர்ந்து ஆரம்பிப்பா. முப்பது முடியுறதுக்குள்ள காபி ஆறிப்போயிடும். பரவால்ல, ஆறுன காபி உடம்புக்கு நல்லதுன்னு சொல்றா. எவ்ளோ பொறுமை பாருங்க. பெத்த பொண்ணு பண்ணுவாளா?

கத்தியையும் அவதான் பாத்துக்குறா. மாசம் பொறந்தா பின்பக்கம் எடுத்துனு போயி எண்ணெய் போட்டுக் கொண்டு வருவா. நான் உள்ள படுத்திருப்பேன். டொக், டொக்னு ரெண்டு சத்தம் கேக்கும். தேங்கா உடைக்கிறாளோ, இஞ்சி இடிக்கிறாளோ. அப்பால "எண்ணெய் போட்டுட்டேன் மாமா"ன்னு கொண்டாந்து வைப்பா. எண்ணெய் மினுமினுன்னு இருக்கும். ஆனா எண்ணெய்க்கு அது மசியுற மாதிரி தெரியல. வயசாச்சு. கத்திக்கில்ல, எனக்கு.

போன வாரம் நான் இழுத்து இழுத்து, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நாற்காலியில இருந்து குனிஞ்சு பாத்தா. "இதுக்கு ஆயுசு முடிஞ்சிது மாமா, விட்டுடுங்க"ன்னா. மெதுவா, பாசமாத்தான் சொன்னா. எனக்கு எங்கியோ கேட்ட மாதிரி இருந்துது. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், பிடிபடல. எல்லா ஊட்லயும் சொல்ற வார்த்தைதானே.

நான் விடல. பெரம்பூர்ல ஷெட்டு சிநேகிதன் ஒருத்தன் இருக்கான், டேஷன்ல வந்து இறக்கிக்குவான். அவன்கிட்ட குடுத்து ஆணியக் கொஞ்சம் தளத்திடலாம்னு பாக்குறேன். அவகிட்ட சொல்லல. எதுக்குச் சொல்லணும்? என் கத்தி.

இன்னா அப்படிப் பாக்குறீங்க? ஆணித் தலை மினுக்குதா? வெளிச்சம் படுது, அதான். புதுசாத் தட்டுன மாதிரியா? எங்க, அப்படியே வைங்க. கண்ணாடிய எடுத்துக் குடுங்க, சட்டைப் பையில இருக்கு, எனக்குக் கை எட்டாது.

ஆமா.

புதுத் தட்டுதான். ஒண்ணு மேல ஒண்ணா நிறைய தட்டு. பழசு கறுத்திருக்கு, இது வெள்ளையா இருக்கு, ஒரு வாரத் தட்டு. தழும்பு இந்தப் பக்கம் சாயுது. அப்படின்னா இது இடது கைத் தட்டு.

ஒண்ணும் இல்ல தம்பி. யோசிக்கிறேன். கொஞ்சம் தண்ணி குடுங்க. பிடிச்சுக்குங்க, நான் பிடிச்சா கொட்டிடும்.

அவளா? இன்னா பேசுறீங்க நீங்க? அவளுக்கு சுத்தியல் பிடிக்கவே வராது. நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தே வரல, பீச்சாங்கையக் கட்டிகினு அழுதவ அவ. அதுவும் என் கத்திய! வாய்க்கு வந்தத பேசாதீங்க. நாலு ஸ்டேஷன் கூட வந்துட்டா குடும்பத்தப் பத்தி பேசுறதா?

நான்தான். வேற யாரு? இப்ப நானும் இடது கைக்காரன்தானே. எப்பவோ எடுத்துத் தட்டியிருக்கேன். மாத்திரையில மறதி வருதுன்னு டாக்டரே சொன்னாரு. உடம்புல வேலை ஊறிப்போயிருக்கு, எனக்கே தெரியாம கை போயி தட்டியிருக்கு. இங்க பாருங்க, சரியாப் பாருங்க. நட்ட நடுவுல! ஒண்ணுகூட ஓரத்துல இல்ல. ரெண்டு ரெண்டாத்தான் விழுந்திருக்கு, எண்ணிக்குங்க. இந்தச் சுத்தம் வலது கையில எனக்கு வர ஆறு வருசம் ஆச்சு. அடுத்த கையில மூணே வருசத்துல வந்திருக்கு. தொழில்காரன்னா இவன்தான் தொழில்காரன்.

சிநேகிதன்கிட்ட காட்டணும். அசந்துடுவான்.

இல்ல, வாணாம். காட்ட வாணாம். அவன் ஏதாவது கேப்பான்.

அரக்கோணம் தாண்டியாச்சா? தம்பி, கோச்சுக்காதீங்க, ஏதோ வாய் தவறிப் பேசிட்டேன். ஒரு உதவி பண்ணுங்க. இந்தக் கொய்யாவ ஜன்னலுக்கு வெளிய போட்டுடுங்க. நீங்க எடுத்துத் தின்னாலும் சரி, உங்களுக்குப் பல்லு இருக்கு. என் பையில மட்டும் இருக்கக் கூடாது. திரும்பிப் போனதும் அவதான் பையத் திறந்து பாப்பா. முழுசா இருந்துதுன்னா ஒண்ணும் சொல்ல மாட்டா, ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. என்ன நாற்காலியில இருந்து இறக்கி தரையில உக்கார வைப்பா.

போட்டுட்டீங்களா? நல்லது. நானே அறுத்துத் தின்னேன்னு சொல்லிக்குறேன்.